நடு இருக்கையில் கிளைசின்

திண்டுக்கல்லில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கோட்பாட்டு வேதியியல் பிடிக்கும் சார். ஆனால் இனி எல்லாமே கணினி உயிரியல்தான், ஏ.ஐ.தான் என்கிறார்கள். தாவிவிடலாமா?"

2024 வேதியியல் நோபல் கிளப்பிய புழுதி இது. புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏ.ஐ. நிரலுக்காகப் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஜான் ஜம்பர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியதே கோட்பாட்டு வேதியியலில்தான். ‘ஏ.ஐ. சாதித்தது’ என்று கொண்டாடும் அவசரத்தில் இந்த விவரம் அடிபட்டுப் போகிறது.

தாவுவதற்குமுன் உங்கள் ஊர்த் தோல் ஷாப் பக்கம் போய்வாருங்கள். சுண்ணாம்புக் குழியில் முடி கழன்றபின் மிஞ்சும் ஆட்டுத்தோலில் பெரும்பங்கு கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட உருவம். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஓர் இடம் தவறாமல் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே பொடிசு. ஏன் அதுவே வரவேண்டும்?

வத்தலக்குண்டு பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்து ஆட்கள் தோளையும் முழங்கையையும் வெளியே தள்ளிக்கொள்ளலாம். நடுவில் ஒல்லிப்பிச்சானுக்குத்தான் இடம். கொலாஜனில் மூன்று சங்கிலிகளும் மூன்று குடும்பங்கள்போல முறைவைத்து, தங்கள் வீட்டு ஒல்லியை நடுவே அனுப்புகின்றன. கிளைசினின் பக்கக்கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அதனால் உள்ளே அடங்குகிறது. அங்கே அலனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால்? ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் கூடுதல். அதற்கே முறுக்கு அந்த இடத்தில் தளர்கிறது. சங்கிலிகளை நேரடியாகப் பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போய், சந்தில் தண்ணீர் மூலக்கூறுகள் நுழைகின்றன. எந்தக் கண்டக்டரும் இப்படி நுழைந்ததில்லை! எலும்புக் கொலாஜனில் ஒரு கிளைசினுக்குப் பதில் வேறு அமினோ அமிலம் வந்தாலே பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் நோய் வரலாம்.

வரலாறு சொல்லாமல் விட்டால் கடிதம் வரும். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல்காரர் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூவிழை அமைப்பை முன்வைத்தார்கள். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த கங்காரு வால் தசைநாணும் அதற்கு உதவியது. "அணுக்கள் இடிக்கின்றனவே" என்று சக ஆய்வாளர்கள் கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். எவ்வளவு நெருங்கினால் இடி என்பதையே ராமச்சந்திரன் ஆராய்ச்சியாக்கினார். புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பும் இரண்டு கோணங்களை எடுத்துக்கொண்டு, ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் 1963இல் வரைபடம் வெளியிட்டார். அலனினுக்கு அதில் முக்கால் பங்குக்கு மேல் தடை. கிளைசினுக்குத் தாராளம்.

ஏ.ஐ. கணித்துத் தரும் புரத வடிவங்களையும் இன்று அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். அணுக்கள் இடிக்காமல் இருக்கவேண்டும் என்ற விதி ஏ.ஐ.க்காகத் தளர்வதில்லை.

ஆகவே தாவ வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பாடம் ஏற்கெனவே கணினி உயிரியலுக்குள்தான் இருக்கிறது. வெப்ப இயக்கவியல் தாளை மட்டும் ஒப்பேற்றிவிடாதீர்கள். மூன்று மாத ஏ.ஐ. சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் புரதத் தரவு வங்கியில் 1சிஏஜி (1CAG) என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். நடுவில் அலனின் நுழைந்த கொலாஜன் மாதிரித் துண்டு அது. ஆய்வு 1994இல் வெளியானது. அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தை நீங்களே அளக்கலாம். கட்டணம் கிடையாது.