கண்ணுக்குள் கரையும் மருந்து: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்கள் பலர் மேல்சிகிச்சைக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கே சிலரிடம், "கண்ணுக்குள் ஒரு மருந்துக் குச்சியை வைக்கிறோம், அது தானாகக் கரைந்துவிடும்" என்று டாக்டர் சொல்வதுண்டு. கரையும் பொருள் கண்ணைக் கெடுக்காதா என்ற பயம் உடனே வருகிறது. நியாயமான பயம்தான்.

குச்சியில் என்ன இருக்கிறது?

ஓசுர்டெக்ஸ் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் இதற்கு அனுமதி தந்தது. நீளம் சுமார் 6 மி.மீ., பருமன் அரை மி.மீ.கூட இல்லை. உள்ளே 0.7 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறது. அதைத் தாங்கி நிற்பது பிஎல்ஜிஏ என்ற பாலிமர். ஊசி வழியாகக் கண்ணுக்குள் செலுத்தினால் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக மருந்து கசியும். அடிக்கடி கண்ணில் ஊசி போடும் தேவை குறையும்.

பிஎல்ஜிஏ என்பது லாக்டிக் அமிலமும் கிளைகோலிக் அமிலமும் சேர்ந்த நீண்ட சங்கிலி. கண்ணில் உள்ள நீரே அதை மெல்ல மெல்ல அறுத்துவிடும். தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலம் நம் தசைகளிலும் ஊறுகிறது. எஞ்சும் அமிலங்களை உடல் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். இதே குடும்பத்துப் பொருள்களால் ஆன கரையும் தையல் நூல்கள் 1970-கள் முதல் அறுவை அரங்குகளில் புழங்குகின்றன. ஆகவே பாலிமரை எண்ணி மட்டும் கலங்கத் தேவையில்லை.

ஆபத்து எங்கே?

ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஒத்துக்கொள்ளாவிட்டால் அவிழ்த்துப் போடலாம். கண்ணுக்குள் போன குச்சியை அப்படி எளிதில் எடுக்க முடியாது. அதனால்தான் கீழ்க்கண்டவற்றை முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

முதலாவது, மருந்து. ஸ்டீராய்டு கண் பிரஷரை ஏற்றும், புரையை விரைவுபடுத்தும். சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்தவர்களிடம் மூன்றாண்டு நடந்த சோதனைகளில், இயற்கை லென்ஸ் உள்ளவர்களில் 68 சதவீதம் பேருக்குப் புரை பதிவானது. மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவில் அது 21 சதவீதம்.

இரண்டாவது, இடம். புரை அறுவையின்போது லென்ஸின் பின்னுறை கிழிந்திருந்தால் குச்சி கண்ணின் முன்பக்கம் நழுவி, கருவிழியைப் பாதிக்கக்கூடும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, எத்தனை முறை வைப்பது என்பது. கண் பிரஷருக்கான டியூரிஸ்டாவும் பிஎல்ஜிஏ வகைக் குச்சிதான். திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்த சோதனைகளில் சிலருக்குக் கருவிழியின் உட்பக்கச் செல்கள் குறைந்தன. ஆகவே 2020-ல் அமெரிக்கா அனுமதித்தபோது, ஒரு கண்ணுக்கு ஒரே முறை என்று வரம்பு கட்டியது.

நான்காவது, கருவி. 2018-ல் ஓசுர்டெக்ஸின் சில தொகுப்புகள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. ஊசியின் உறையிலிருந்து சிலிக்கோன் துணுக்கு உதிர்ந்தது கண்டுபிடிக்கப்பட்டதே காரணம். பாலிமரில் குற்றமில்லை. ஆனால் கரையாத துணுக்கு கண்ணுக்குள் போகும் வாய்ப்பு இருந்தது.

நாம் செய்ய வேண்டியது

ஓசுர்டெக்ஸ் வைத்த சுமார் இரண்டு மாதத்தில்தான் கண் பிரஷர் உச்சத்துக்குப் போகிறது. பெரும்பாலும் வலி தெரியாது. "பார்வை தேறிவிட்டது, மறுபடி எதற்குப் போக வேண்டும்?" என்று மில் ஷிப்டையோ வயல் வேலையையோ காரணம் காட்டித் தவறவிடும் அந்தப் பரிசோதனையில்தான் கண் தப்புவதும் கெடுவதும் இருக்கிறது. மதுரை போக முடியாவிட்டால், உள்ளூர்க் கண் டாக்டரிடமாவது பிரஷர் பார்த்துக்கொள்ள முடியுமா என்று சிகிச்சை தந்த டாக்டரிடம் அன்றே கேட்டு வையுங்கள்.

ஊசி போட்ட சில நாளில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் என எது வந்தாலும் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவிளைவு எதுவானாலும், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் தரலாம். ஒரு மருந்தின் குறை வெளிச்சத்துக்கு வர, அப்படிச் சொல்ல முன்வருபவர்கள் வேண்டும்.