உஷார்! ஆர்.பி.எம். முள் ஏறுது, வண்டி வேகம் ஏறலையா?

இருவழிச் சாலை. முன்னால் கரும்பு லோடு டிராக்டர். எதிரே பஸ் வருகிறது, ஆனால் தூரத்தில்தான். தாண்டிவிடலாம் என்று வலப்பக்கம் ஏறி ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். எஞ்சின் அலறுகிறது, ஆர்.பி.எம். முள் 4,000-ஐத் தொடுகிறது. வேகமானி மட்டும் 60-ஐ விட்டு நகர மறுக்கிறது. பஸ் நெருங்கிவிட்டது.

அந்த நேரத்தில் இன்னும் மிதிக்காதீர்கள். காலை எடுங்கள், பிரேக் பிடித்து டிராக்டருக்குப் பின்னாலேயே வந்துவிடுங்கள். மிதிக்க மிதிக்க வழுக்கல்தான் கூடும், வேகம் கூடாது.

இது பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. பல நாள் முன்பே மேம்பாலம் ஏறும்போது, முழுக் குடும்பமும் ஏசியும் இருக்கும்போது லேசாகக் காட்டியிருக்கும். நாம்தான் "பெட்ரோல் சரியில்லை போல" என்று விட்டிருப்போம். சில பட்டறைகளிலும் "பிக்கப் இல்லையா? இன்ஜெக்டர் கிளீன் பண்ணிடலாம் சார்" என்பார்கள். ஏமாறாதீர்கள். எஞ்சினுக்குத் தெம்பு இல்லையென்றால் முள்ளே ஏறாது. முள் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, அதன் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பெல்ட் தளர்ந்த கிரைண்டரில் மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டு கல் நிற்குமே, அதே கதை. மேனுவல் வண்டியில் அந்த பெல்ட்டின் இடத்தில் இருப்பது கிளட்ச் பிளேட்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள கணக்கு ஒன்று போதும். ஒரே கியரில், கிளட்ச்சில் கால் வைக்காமல் ஓட்டும்போது ஆர்.பி.எம்.மும் வேகமும் ஒரே விகிதத்தில்தான் ஏற வேண்டும். நாலாவது கியரில் 60 கி.மீ. வேகத்தில் முள் 2,100 காட்டினால், 80-ல் 2,800 காட்டணும். 65-லேயே 3,000-க்குத் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது, சந்தேகமே வேண்டாம். காலியான நேர்ச்சாலையில் நாலாவது கியரில் 40-ல் போய், ஒரே அழுத்தாக அழுத்திப் பாருங்கள். டர்போ டீசல் வண்டியில் 2,000 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்தில் இழுவை உச்சத்துக்கு வரும். தேய்ந்த பிளேட் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிளேட் கருகும், அந்தக் கருகல் நாற்றம் கேபினுக்குள்ளேயே வரும். மேனுவல் வண்டியில் கிளட்ச் வழுக்கினால் பெரும்பாலும் செக் எஞ்சின் விளக்கு எரியாது. ஸ்கேனர் போட்டுப் பார்த்து "ஒரு எரரும் இல்லை" என்று அனுப்பிவைத்தால் நிம்மதியாகிவிட வேண்டாம்.

கிளட்ச் ஏன் போகிறது? நம் கால்தான் பாதிக் காரணம். சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப் கிளட்ச்சில் தொங்குவது, ஓடும்போதும் பெடல் மேல் காலை வைத்திருப்பது, ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது. கேபிள் கிளட்ச் என்றால் பெடலின் மேல்பகுதியில் கொஞ்சம் லூஸ் இருக்கணும், அது இல்லாமல் இறுக்கி வைத்திருந்தாலும் வழுக்கும். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் புது பிளேட்கூட எண்ணெயில் நனைந்து வீணாகிவிடும். அதனால் கியர் பாக்ஸை இறக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், சீலையும் ஃப்ளைவீலையும் கண்ணால் பாருங்கள். பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடித்தால், அடுத்த முறை இறக்கும் கூலியில் அது போய்விடும்.

"என் வண்டி ஏஎம்டி, கிளட்ச்சே கிடையாதே" என்பவர்களும் உஷார். கிளட்ச் பெடல்தான் கிடையாது. உள்ளே அதே பிளேட் இருக்கிறது, அதை மிதிப்பது உங்களுக்குப் பதில் ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் பம்போ, அவ்வளவுதான்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. கியர் மாறும் நொடியில் முள் சட்டென்று துள்ளி, பிறகு குலுங்கிப் பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது கியர் பாக்ஸ் ஆயில். அளவு குறைந்ததா, கறுத்துக் கருகல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அளவு பார்க்க குச்சி இருக்காது, பட்டறையில் தூக்கித்தான் பார்க்கணும். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவே இழுக்காதீர்கள், ஃப்ளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். முள் முந்தி ஏறுவதில் சிவிடி மட்டும் விதிவிலக்கு. அழுத்தினால் முதலில் எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் பின்னாலேயே வருவது அதன் இயல்பு. இத்தனை நாள் இல்லாத சத்தம் புதிதாக வந்தால்தான் கவலை.

இன்னொன்று. காலை எடுத்த பிறகும் எஞ்சின் இறங்காமல் அலறினால் அது கிளட்ச் விஷயம் அல்ல, அதைவிட ஆபத்து. மிதியடி நகர்ந்து ஆக்சிலரேட்டரில் சிக்கியிருக்கலாம். இதற்காகவே 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைத்தது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டு விட்டு அடிக்காமல் ஒரே பிடியாக அழுத்தி, நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும் முன் சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கும் கல்லாகிவிடும்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. லீவுக்குக் கிளம்பும் முன் நாலாவது கியர் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். முள் தனியாக ஏறினால் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, மலைக்கு பஸ்ஸில் போய்வாருங்கள்.