கறுத்த வாழைப்பழமா? தூக்கிப் போடாதீங்க!

உங்கள் வீட்டுப் பழக்கூடையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். தோல் கறுத்த ரெண்டு, மூணு வாழைப்பழம் நிச்சயம் கிடக்கும். 'கொழகொழன்னு இருக்கு, எனக்கு வேணாம்' என்று பிள்ளைகள் ஒதுக்கியவை. அதே பழத்தில் மெத்தென்று மஃபின் செய்து காலையில் வைத்துப் பாருங்கள், தட்டு காலியாகிவிடும்!

வாழைக்காயில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. கனியக் கனிய அது சர்க்கரையாக மாறுகிறது. பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். இந்த ஈரத்தை அந்தச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மஃபின் வறண்டு போவதில்லை.

பழமும் வெல்லமும் ஏலக்காயும் சேர்வது நமக்குப் புதிதா என்ன? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழநி பஞ்சாமிர்தத்தின் சேர்மானம்தானே இது!

தேவையானவை (12 மஃபினுக்கு)

நன்கு கனிந்த வாழைப்பழம் - மசித்தது 1 கப், கோதுமை மாவு - ஒன்றரை கப், பொடித்த வெல்லம் - 100 கிராம், தயிர் - கால் கப், எண்ணெய் - மூன்றில் ஒரு பங்கு கப், சமையல் சோடா - முக்கால் டீஸ்பூன், சுக்குத்தூள், ஏலத்தூள் - தலா அரை டீஸ்பூன், உப்பு - ஒரு சிட்டிகை.

செய்முறை

வெல்லத்தை 2 டேபிள்ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி ஆறவிடுங்கள். அதில் பழம், தயிர், எண்ணெயைக் கலக்குங்கள். மாவு, சோடா, உப்பு, சுக்கு, ஏலத்தைத் தனியே சலித்து இதோடு சேருங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தாலோ, அடித்துக் கலக்கினாலோ கோதுமையின் பசை இறுகி, மஃபின் ரப்பராகிவிடும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவு கிளறினால் போதும்.

உடனே எண்ணெய் தடவிய கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி, முன்பே சூடாக்கிய அவனில் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். குச்சியால் குத்தினால் ஈர மாவு ஒட்டக் கூடாது. ஓரிரு துகள் ஒட்டினால் பரவாயில்லை, அதுதான் சரியான பதம்.

வாழைப்பழம் குளிர்ச்சி, கபத்தைக் கூட்டும், சிலருக்கு மந்தம் தரும். அதைச் சமன் செய்யத்தான் சுக்கும் ஏலமும். சளி பிடித்திருக்கும் நாளில் மஃபின் வேண்டாமே.

ஒரு எச்சரிக்கை

சில வருடம் முன்பு ஓர் அம்மா வந்தார். சர்க்கரை நோயாளி. கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை திடீரென்று எகிறியிருந்தது. கேட்டால், "தினமும் காலையில ரெண்டு மஃபின்தான் டாக்டர். சீனியே போடலை. வெல்லம் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சொன்னது நான்தான். 'உங்களுக்கு அல்ல' என்பதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான்!

வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரைதான். மேலே சொன்ன அளவில் ஒரு மஃபினில் வெல்லம் மட்டுமே 8 கிராம். பழத்தின் இனிப்பு வேறு. எனவே சர்க்கரை நோயாளிகள் இதைக் காலை உணவாக வைத்துக்கொள்ளக் கூடாது. வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் இது மட்டுமே போதாது. ஒரு மஃபினோடு ஒரு டம்ளர் பால், கொஞ்சம் வேர்க்கடலை அல்லது சுண்டல் கொடுங்கள். அப்போதுதான் மதியம் வரை பசி தாங்கும்.

தோல் கறுத்திருந்தால் பயமில்லை. ஆனால் பழத்தில் பூஞ்சை பூத்திருந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ தயங்காமல் தூக்கிப் போடுங்கள். ஈரப்பதம் உள்ள பண்டம் என்பதால் மஃபினையும் வெளியில் ஒரு நாள், ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

நாளைக் காலையே செய்து பாருங்களேன். வீட்டில் யாருக்கு எத்தனை என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள்!