லாரி என்ஜினுக்கு மறுபிறவி! 'செல்ப்' போடுமுன் என்ன செய்ய வேண்டும்?

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை லாரிகள்! சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் போகும் பெரிய பாதை இது.

ஓடி ஓடித் தேய்ந்த லாரியின் என்ஜினை இறக்கிப் பிரிக்கிறார்கள். பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவற்றை மாற்றி மறுபடியும் பூட்டுகிறார்கள். செலவு கொஞ்சமல்ல. ஒரே லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பம் என்றால், வீட்டுக்காரியின் வளையல் அடகுக்கடைக்குப் போனாலும் போகும்.

அந்தப் பணம் முழுவதும் ஒரே நிமிடத்தில் பாழாகி விடலாம். எப்போது தெரியுமா? முதல் தடவை 'செல்ப்' போடும்போது!

மயிரிழை இடைவெளி

என்ஜினுக்குள் கிராங்க் ஷாப்ட் என்ற கனத்த தண்டு சுழல்கிறது. அதைத் தாங்குவது பேரிங். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம்தான். அதில் ஆயில் நிற்க வேண்டும். நின்றால், தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை. ஆயிலில் மிதக்கிறது!

புதிதாகப் பூட்டிய என்ஜினில் ஆயில் போகும் வழிகள் எல்லாம் காலி. பூட்டும்போது கையால் தடவிய ஆயில் மட்டுமே இருக்கும். கீழே தொட்டி நிறைய ஊற்றி விட்டால் போதாது. அது தானாக மேலே ஏறாது. அந்த நிலையில் என்ஜின் உறுமினால், உலோகத்தோடு உலோகம் உரசும். புதுப் பேரிங் சிதைந்து விடும்.

ஆகவே, விஷயம் தெரிந்த மேஸ்திரி அவசரப்படுவதில்லை. முதலில் என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கிறார். எங்காவது முட்டி நின்றால் பலவந்தம் செய்ய மாட்டார். வால்வு பிஸ்டனில் இடிக்கிறதோ என்று தேடுவார். பிறகு டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு 'செல்ப்' போடுவார். என்ஜின் சுற்றும், ஆனால் கிளம்பாது. பத்து விநாடி சுற்றுவது, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் பத்து விநாடி. விடாமல் சுற்றினால் 'செல்ப்' மோட்டார் கருகி விடும். ஆயில் மீட்டரின் முள் எழும்பிய பிறகே அடுத்த வேலை.

காற்றை விரட்டு!

டீசல் குழாயில் காற்று இருந்தால் என்ஜின் கிளம்பாது. பம்பைக் கையால் அடித்து, திருகைத் தளர்த்தினால் முதலில் நுரை வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். நாசில் பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீர்கள். அங்கே பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போல்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

இந்த என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலே முதல் முயற்சியில் தப்பிப் பிழைத்தவர். ஜெர்மனியில், ஆக்ஸ்பர்க் நகரில், 1893-ல் நடந்த சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1897-ல்தான் வெற்றி கிடைத்தது.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அமுக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே பம்ப் சிக்கிக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். அப்போது காற்று புகும் வாயை அடைக்க வேண்டும். அதற்காக ஒரு தட்டையான பலகையைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருப்பார்கள். கையால் அடைப்பது பேராபத்து!

எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வேண்டாம் என்று யார் சொன்னது? கற்பூரத்தை டீசல் சிந்தாத இடத்தில் கொளுத்துங்கள்; அவ்வளவுதான்.

இனி 'செல்ப்' போடலாம். முதலில் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். கண் ஆயில் மீட்டரிலேயே இருக்கட்டும். சில விநாடிகளில் முள் ஏறாவிட்டால் உடனே நிறுத்தி விடுங்கள். ஏறினால், ஆயிலோ தண்ணீரோ ஒழுகுகிறதா என்று பாருங்கள். மணிக்கணக்கில் சும்மா உறும விடாதீர்கள். ரிங்குகள் சிலிண்டரோடு படிய, மிதமான பாரம் ஏற்றி ஓட்ட வேண்டும். முதல் ஆயிலில் உலோகத் துகள் இருக்கும். அதைச் சீக்கிரமே மாற்றி விடுவார்கள்.