அத்தைக்கு அந்தமான் பார்க்கணுமாம்!

எங்கள் வீட்டில் அந்தமான் பேச்சை முதலில் எடுத்தது என் கணவரும் இல்லை, குழந்தைகளும் இல்லை. என் மாமியார்தான்! 1978-ல், கல்யாணமான புதிதில், மாமனாருடன் போய் 'அந்தமான் காதலி' படம் பார்த்தாராம். "அதுலேருந்தே ஒரு தடவை அந்த ஊர்ல போய் நிக்கணும்னு ஆசைம்மா. உங்க மாமா இருந்த வரைக்கும் கேட்க வாய் வரலை" என்று ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

அத்தைக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், முழங்கால் வலி வேறு. என் பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு ஒன்றரை. விஷயம் தெரிந்ததும் என் நாத்தனார் போனில் பிடித்துக்கொண்டாள். "வயசானவங்களையும் கைக்குழந்தையையும் இழுத்துக்கிட்டுக் கடல் தாண்டிப் போறீங்களா அண்ணி? அங்கே ஏதாவது ஒண்ணுன்னா என்ன பண்ணுவீங்க?" அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இரண்டு மாதம் திட்டம் போட்டேன். அப்படியும் ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். அதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில், எப்படிப் போவது? சென்னையிலிருந்து கப்பல் உண்டு. சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். பெண் கப்பல்தான் வேண்டும் என்று குதித்தாள். ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, நடுக்கடலில் அத்தைக்கு ஒன்று என்றால் இறங்க முடியாத இடத்தில், மூன்று நாளா? எனக்குத் தைரியம் வரவில்லை. விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். திருச்சியிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து அப்படியே காலை விமானம் பிடிக்கலாம் என்றார் என் கணவர். ரயில் தாமதமானால்? முதல் நாளே சென்னையில் அக்கா வீட்டுக்கு வந்து தங்கிவிட்டோம்.

அடுத்தது, எப்போது போவது? மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவ மழை. அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் புயல் கிளம்பும் காலம். பிப்ரவரி, மார்ச்தான் உத்தமம் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். ஆனால் பெண்ணின் அரைப்பரீட்சை லீவு நமக்காகத் தள்ளிப் போகுமா? டிசம்பர் கடைசி வாரத்துக்கு டிக்கெட் வாங்கினோம். விலையும் கூடத்தான். பள்ளிக்கூடம் போகாத சின்னக் குழந்தை மட்டும் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள், பிப்ரவரியில் போங்கள்.

டிக்கெட் வாங்கும்போது ஊர்ப் பெயரில் ஒரு குழப்பம் வரும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு. ஆனாலும் எல்லோர் வாயிலும் பழைய பெயரே புழங்குகிறது. நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தமானுக்கு நம் நாட்டவருக்கு பாஸ்போர்ட், பர்மிட் எதுவும் வேண்டாம், அடையாள அட்டை போதும். நிக்கோபார் பக்கம் மட்டும் நினைத்தபடி போக முடியாது.

என் கணவர் ஒரு காகிதத்தில் ஐந்து நாள் திட்டம் எழுதி நீட்டினார். ஹேவ்லாக், நீல் தீவு, பாரடாங் சுண்ணாம்புக் குகை, அப்புறம் படகு சவாரி, பவழப்பாறை, இன்னும் என்னென்னவோ! படிக்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாரடாங்குக்கு விடியுமுன்பே கிளம்பி, ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டு வழியே வண்டிகள் வரிசையாகப் போக வேண்டும். நடுவில் நிறுத்தவோ அவர்களைப் படம் எடுக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. அது நியாயம்தான். மனிதர்களை வேடிக்கை பார்க்கவா போகிறோம்? தூங்குகிற குழந்தையை எழுப்பிக்கொண்டு அந்தப் பாடு வேண்டாம் என்று அடித்தேன். நீல் தீவையும் அடித்தேன். மிஞ்சியது போர்ட் பிளேரும் ஹேவ்லாக்கும்தான். கடைசியில் இரண்டு நாளைக் கூட்டி ஏழாக்கி, ஆறாம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

"இது என்ன, சும்மா ஒரு நாள்? ஓட்டல் வாடகை தண்டம்தானே?" என்றார் அவர்.

"தீவுக்குப் போறோம். திரும்பி வர்றது நம்ம கையில இல்லீங்க, கடல் கையில" என்றேன். அரை மனசாகச் சம்மதித்தார்.

மூட்டை கட்டுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்த ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம், துணி சீக்கிரம் காயாது. ஆகவே கனமான துணி எதுவும் எடுக்கவில்லை. பையனுக்கு மெல்லிய பருத்திச் சட்டைகளும், வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூடுதலாக நாப்கினும் எடுத்தேன். பசும்பால் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது என்பதால் வீட்டில் அரைத்த சத்துமாவுடன் ஃபிளாஸ்க்கும் வந்தது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாமல் அத்தை கிளம்ப மாட்டார். கொசுவலை, கொசுவுக்குப் பூசும் களிம்பு, ஜுர மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆறு. (பொட்டலம் தீர்ந்தால், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.) அத்தையின் மாத்திரைகளை ஒரு டப்பாவில் அழகாக அடுக்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியின் நடுவில், புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

விமானம் இறங்க ஆரம்பித்தபோது பையன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். பால் கொடுத்தேன், விழுங்க விழுங்க அழுகை நின்றது. இறங்கும்போது குழந்தையைத் தூங்க விடாதீர்கள், ஏதாவது குடிக்கக் கொடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு மிட்டாய் போதும். அத்தை ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. கீழே பச்சையும் நீலமுமாகத் தீவுகள். "ஐயோ, எவ்வளவு தண்ணி!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இறங்கினோம். எல்லாப் பெட்டியும் வந்தது, அந்தப் பெரிய பெட்டி மட்டும் வரவில்லை!

சென்னையிலேயே தங்கிவிட்டதாம், மறுநாள் விமானத்தில் வருமாம். சாதாரணமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தை காலை மாத்திரை சாப்பிட்டிருந்தார், ராத்திரி மாத்திரை பெட்டிக்குள். பெயர் ஞாபகம் இருக்கிறதா என்றால், "வெள்ளையா, சின்னதா, நடுவுல கோடு போட்டது" என்கிறார்! மருந்துச் சீட்டும் அதே டப்பாவுக்குள். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்! நல்ல காலம், சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்களே, அதன் புண்ணியத்தில் ஊரில் போன் நன்றாகப் பேச முடிகிறது. திருச்சியில் எங்கள் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கினேன். கடைக்காரர் நாங்கள் வாங்கும் கம்பெனி மாத்திரை இல்லை என்றார். அதே மருந்து வேறு கம்பெனியில் இருந்தது. டாக்டரிடமே மறுபடி கேட்டு, சரி என்ற பிறகுதான் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் தமிழில் பேசியது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? போர்ட் பிளேரில் வங்காளி, இந்திக்கு அடுத்தபடி நம் தமிழ்தான் அதிகம் கேட்கிறது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இரண்டு தரம் எழுந்து அத்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லைடி, நீ படு" என்றார். இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான்: தினசரி மாத்திரை கைப்பையில். பாதி என் பையில், பாதி அவருடைய பையில். மருந்தின் மூலப் பெயர் எழுதிய சீட்டு இரண்டு பையிலும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பெட்டியோடு சரக்குப் பகுதியில் போட்டுவிடவே கூடாது, குளிரில் உறைந்தால் கெட்டுவிடும்.

மறுநாள் பெட்டி வந்து சேர்ந்தது. சாயங்காலம் செல்லுலார் சிறைக்குப் போனோம். ஏழு கிளைகளாக 1906-ல் கட்டி முடித்தது, இன்று மூன்று கிளைதான் மீதி. அத்தை மாடி ஏறவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, "சின்ன வயசுல 'அந்தமானுக்கு அனுப்பிடுவேன்'னு எங்கப்பா மிரட்டுவார். இப்போ நானே டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றார். ஐந்து மணிக்கே சூரியன் மறைந்தது. கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் ஊர் கிழக்கே தள்ளி இருப்பதால் சென்னையைவிட முக்கால் மணிக்கு மேல் முந்தியே பொழுது சாய்கிறது. ஆகவே குழந்தைகளோடு போகிறவர்கள் காலை ஐந்தரைக்கே எழுந்து வெளி வேலைகளை முடித்து, பகல் பதினொன்று முதல் மூன்று வரை அறையில் படுத்து எழுவது நல்லது. வெயிலும் தலையில் இறங்காது.

ஹேவ்லாக் தனியார் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம், சர்க்கார் கப்பலில் இன்னும் கொஞ்சம் கூட. மேற்குப் பக்கத்து ராதாநகர் கடற்கரையை 2004-ல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது. மாவு போல வெள்ளை மணல், பின்னால் வானுயர்ந்த மரங்கள். அத்தை செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் போய் நின்றார். அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

அழகில் மயங்கிக் குழந்தையை விட்டுவிடாதீர்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு, 2010-ல் ஹேவ்லாக்கிலேயே ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் உயிரை ஒன்று பறித்தது. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் காலை நனைக்கவும் வேண்டாம், இருட்டின பின் தண்ணீர்ப் பக்கமே வேண்டாம். சில கடற்கரைகளில் மணல் ஈ கடித்துத் தடிக்கும், சொறிந்தால் புண்ணாகும். என் பெண் ஃபிராக் மடியில் சிப்பியும் ஒரு பவழத் துண்டும் பொறுக்கி வந்தாள். பவழமும் பல வகைச் சிப்பிகளும் வனவிலங்குச் சட்டத்தில் அடங்கியவை, விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள். திரும்பக் கொண்டு போட வைத்தேன். அழுதாள், அழட்டும்!

ஐந்தாம் நாள் காலை திரும்ப வேண்டும். விடியற்காலையிலிருந்தே காற்று. துறைக்குப் போனால், கடல் சரியில்லை, இன்று கப்பல் இல்லை என்றார்கள். எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு இளம் தம்பதிக்கு அன்று பிற்பகலே விமானம். அந்தப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. விமானம் போயிற்று, புது டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குச் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய? எங்களுக்கு அந்த எழுதாத ஆறாம் நாள் இருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் கப்பல் கிளம்பியது, ஆட்டம் மட்டும் அடங்கவில்லை. இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, கீழ்த்தளத்தில் நடுவாக உட்கார்ந்து, தூரத்துக் கடல் கோட்டையே பார்த்தபடி, சுக்கும் சர்க்கரையும் வாயில் அடக்கிக்கொண்டோம் அத்தையும் நானும். பெரியவர்கள் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதில் பிராமெத்தசின் என்ற மருந்து இருந்தால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. என் பையன் மடியில் தூங்கிவிட்டான். காலையில் பூரி கிழங்கை ஒரு கை பார்த்த என் கணவர்தான் வழி நெடுகப் பையும் கையுமாக இருந்தார்!

ஊர் திரும்பிய மறுநாள் நாத்தனார் வந்தாள். "எப்படிம்மா இருந்தது?" என்றாள். அத்தை அதற்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, "லட்சத்தீவுன்னு ஒண்ணு இருக்காமே?" என்றார்.

அதற்குப் பர்மிட் வேண்டும். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.