விற்றதோடு முடியாத வியாபாரம்

பொருளை விற்றுக் காசை எண்ணி லாச்சிக்குள் போட்டதும் வியாபாரம் முடிந்து விடுகிறதா? இல்லை என்பதற்கு அமெரிக்காவின் மாதிரி ரொக்கட் நல்ல உதாரணம்.

காட்போட் குழாய், பல்சா மரச் செட்டைகள், உள்ளே மடித்து வைத்த பரசூட், அடியில் கருமருந்து அடைத்த சிறிய கடதாசி என்ஜின். இவ்வளவுதான் பொருள். சுமார் ஐந்து மீற்றர் தள்ளி நின்று பற்றரி மூலம் பற்ற வைத்தால் மேலே சென்று பரசூட்டில் இறங்கும். ரொக்கட்டைப் பல தடவை பறக்கவிடலாம். என்ஜின் ஒரு தடவைக்குத்தான். தொடர் வியாபாரம் அந்த என்ஜினில்தான் இருக்கிறது.

1954இல் முதல் மாதிரியைச் செய்தவர்களில் ஒருவரான ஓர்வில் கார்லைல், நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை வைத்திருந்தவர். 1957இல் ஸ்புட்னிக் பறந்த பின், இரும்புக் குழாய்களில் மருந்து அடைத்துக் காயப்பட்ட சிறுவர்களுக்குப் பாதுகாப்பான என்ஜின் தேவைப்பட்டது. வேர்ன் எஸ்டஸ் என்பவர், சில செக்கன்களுக்கு ஒன்றாக என்ஜின் தயாரிக்கும் இயந்திரத்தை அமைத்தார். 1961இல் கொலராடோவின் பென்ரோஸ் ஊருக்குத் தொழிற்சாலையைக் கொண்டு சென்றார்.

அன்று சிறுவர்களாக வாங்கியவர்கள் இன்று அந்தப் பழைய ரொக்கட்டுகளைத் திருத்துகிறார்கள். உடைந்த செட்டைக்குப் புதிய பல்சா வெட்டி ஒட்டுகிறார்கள். நசுங்கிய குழாயை வெட்டி, உள்ளிணைப்புக் கொடுத்துப் புதுத்துண்டு சேர்க்கிறார்கள். உக்கிப்போன இறப்பர் நாடாவை மாற்றுகிறார்கள். பரசூட் ஒட்டிக்கொள்ளாமல் பவுடர் பூசுகிறார்கள்.

ஆனால் பழைய என்ஜினை நம்ப முடியாது. வெயிலிலும் குளிரிலும் கிடந்து மருந்தில் வெடிப்பு விழுந்திருந்தால், பற்ற வைக்கும்போதே வெடித்துவிடும். புதியதுதான் வேண்டும். அது பொருந்துமா? பொருந்தும். அன்று வைத்த 18 மில்லிமீற்றர் விட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. கம்பனி 1969இல் கைமாறியது. பின்னரும் பல கை மாறி 2018இல் ஒரு குடும்பத்திடம் வந்தது. வேறு அளவுகளும் சந்தைக்கு வந்தன. ஆனால் பழைய அளவை யாரும் கைவிடவில்லை. அதனால் அரை நூற்றாண்டுக்கு முன் ரொக்கட் வாங்கியவர் இன்றும் வாடிக்கையாளர்.

நமது சந்தையைப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள பிரஷர் குக்கரைக் கையில் பிடித்தபடி, மூடிக்கு இறப்பர் வளையம் தேடி என் கடைக்கு வருவோர் ஏராளம். கொண்டு வந்தவர் அளவை மாற்றிவிட்டார்; பழைய வளையத்தை நிறுத்திவிட்டார். வளையத்தின் விலை சொற்பம். அது கிடைக்காததால் குக்கர் முழுவதும் வீண். அந்தத் தாய்மார் ஏசுவது இறக்குமதியாளரை அல்ல, விற்ற கடைக்காரரைத்தான்.

எனவே புதிய பொருளுக்கு ஓடர் கொடுக்குமுன் கழிவு எத்தனை வீதம் என்று மட்டும் கேட்காதீர்கள். உதிரிப்பாகம் எத்தனை வருடம் கிடைக்கும், அளவு மாறுமா என்றும் கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். சில டசின் உதிரிப்பாகங்களையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். அதில் முடங்கும் பணம் சிறிது. வாடிக்கையாளரின் நம்பிக்கை நம்மிடமுள்ள அமானிதம்; பரக்கத்தும் அதில்தான் இருக்கிறது.