இரைச்சலை வடிக்கும் ஏற்பி

மூப்பினால் கட்டிலைவிட்டு எழ இயலாத எம் அத்தாவுக்காக, கே.கே. நகர் இல்லத்தில் ரிமோட்டால் இயங்கும் மின்விசிறி ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பொருத்தினோம். பகலெல்லாம் அது சொன்னபடி கேட்டது. மஃரிபுக்கு விளக்கேற்றிய பின்னரோ அவர் எத்துணை அழுத்தியும் அசையவில்லை. நாம் வாங்கி விசிறியின் கீழ் நின்று அழுத்தினால் உடனே சுழன்றது. "நல்லா அழுத்துங்க, அத்தா" என்றோம். தம் விரலில் வலுவில்லை என்று அவரும் நம்பிவிட்டார்.

தமிழ் பயிற்றும் நமக்கு மின்னணுவியல் தூரத்து உறவே. எனினும் இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டறிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ரிமோட்டின் நுனியிலுள்ள டையோடு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானி கொண்டு கண்டறிந்த ஒளி இது. இடர் என்னவெனில், கதிரவனும் குண்டுவிளக்கும் அதே ஒளியை வாரி இறைக்கின்றன. 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஃபிளாஷ்மேட்டிக்' வெறும் வெளிச்சத்தால் இயங்கியது. தொலைக்காட்சிப் பெட்டியின் மூலையில் வெயில் பட்டாலே அலைவரிசை மாறிவிடுமாம்!

ஆகவே இன்று ஒளியை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கவைத்து அனுப்புகின்றனர். ஏற்பியின் கருநிற உறை கட்புலனாகும் ஒளியைத் தடுக்கும். உள்ளிருக்கும் வடிப்பி 38 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டிய துடிப்பை மட்டுமே உள்ளே விடும். மாறாத வெயிலும், நொடிக்கு 100 முறை துடிக்கும் பழைய சோக் டியூப்லைட்டும் பெரும்பாலும் இவ்வாயிலிலேயே நின்றுவிடும். எலெக்ட்ரானிக் சோக் விளக்கோ நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிப்பது. அத்துடிப்பு 38-ஐ நெருங்கினால் வாயிற்காவலன் ஏமாறுவான். ஓயாது வருவது இரைச்சல், விட்டுவிட்டு வருவது செய்தி என்று கொள்வது ஏற்பியின் இயல்பு. எனவே விளக்கின் ஓயாத துடிப்பைக் கண்டதும் அது தன் கூருணர்வைக் குறைத்துக்கொள்ளும். அருகிலிருந்து வரும் வலிய ஒளி கேட்கும்; கட்டிலிலிருந்து வரும் மெலிந்த ஒளி கேட்காது. நாம் அத்தாவின் விரலை ஐயுற்றதன் காரணம் இதுவே.

செய்தியின் அமைப்பிலும் காப்பு உண்டு. என்.இ.சி. முறையில் முதலில் 9 மில்லிநொடித் துடிப்பு, பின் 4.5 மில்லிநொடி மௌனம், அதன்பின் 32 பிட்டுகள். முகவரியும் கட்டளையும் ஒருமுறை நேராகவும் ஒருமுறை எதிர்மறையாகவும் வரும். இரண்டும் பொருந்தாவிடில் கருவி வாளாவிருக்கும். சுவடிப் பதிப்பாளர் இரு படிகளை ஒப்புநோக்கிப் பாடம் காண்பது நினைவுக்கு வருகிறது.

மின்வழங்கி வழியேயும் இரைச்சல் நுழையும். ரிச்சி தெருவில் கிடைக்கும் மூன்றுகால் ஏற்பிகளுக்கு, கால்களை ஒட்டியே 100 ஓம் தடையும் 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தல் வழக்கம். விலையைக் குறைக்க இவற்றைக் கைவிடுவோரும் உளர்.

அன்றிரவே விளக்கை அணைத்துப் பார்த்தோம். இருளில் படுத்தபடியே அத்தா அழுத்த, விசிறி சுழன்றது. மறுநாள் பழைய சோக் டியூப்லைட்டையே மீண்டும் மாட்டினோம்.